பழைய கார்களும் பழகிப்போன கதைகளும்



பழைய மோட்டார் கார்களைப் பற்றி இப்பக்கத்தில் எழுத என்ன அவசியம் நேர்ந்தது என்று உங்களுள் சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. ஆயினும், ஒரு மனிதன் உண்மையை எவ்வளவு மதிக்கிறான் என்பதை அறிய வேண்டுமானால், நீதிமன்றத்தில் அவன் சொல்லும் சாட்சியத்தை மட்டும் பார்த்தால் போதாது. அங்கே சத்தியப் பிரமாணமும் தண்டனைப் பயமும் அவனுடைய நாவுக்குக் காவல் நிற்கின்றன. தனக்குப் பிரியமான பொருளைப் பற்றி, தன்னையொத்த நண்பர்களோடு பொழுதுபோக்காகப் பேசும்போது அவன் என்ன சொல்கிறான் என்று பார்க்க வேண்டும். அங்கே அவனுடைய நாவுக்குக் காவல் இல்லை.

பழைய கார்களில் பற்றுக்கொண்டவர்களின் பேச்சு இதற்கு நல்ல உதாரணம். எமது பகுதிகளில் இப்பற்றுக்குக் குறைவில்லை. ஒஸ்ரின் ஏ-40, ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர், மொறிஸ் ஒக்ஸ்போட் என்ற பெயர்களைக் கேட்டதுமே முகம் மலரும் பெரியவர்கள் எத்தனை பேர்! பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் கோவிலுக்கும் கலியாண வீட்டுக்கும் எங்களை ஏற்றிச் சென்ற வண்டிகள் அவை. தந்தை வைத்திருந்த காரை மகன் துடைத்து வைத்திருக்கிறான். அது கைமாறிப் போயிருந்தால், வெளிநாட்டில் வாழும் பேரன் அதே மொடலை அங்கே தேடி வாங்குகிறான்.

இக்கார்களைச் செய்த கம்பனிகள் இன்று இல்லை. ஒஸ்ரினும் மொறிசும் 1952இல் ஒன்றாயின. 1968இல் அவை பிரிட்டிஷ் லேலண்ட் என்ற பெருங் கம்பனிக்குள் அடங்கின. அதுவும் காலப்போக்கில் மறைந்துபோயிற்று. காரோடு வந்த கைநூலும் பலரிடம் இல்லை. கைநூல் இல்லாத இடத்தில் வாய்மொழியே கைநூலாகி விடுகிறது. கராஜிலே கேட்டதும், நண்பர் சொன்னதும், கைத்தொலைபேசியில் வந்ததும் ஒன்றாய்க் கலந்து, எது உண்மை, எது கதை என்று பிரித்தறிய முடியாதவாறு பரவுகின்றன. இவ்வாறு கேட்டதைச் சொல்பவன் எவருக்கும் தீங்கு நினைக்கவில்லை. அப்படியிருக்க, அவனிடம் குற்றம் உண்டா? உண்டெனில், எவ்வகையான குற்றம்? இதுவே நாம் இன்று சிந்திக்க எடுத்துக்கொண்ட கேள்வி.

மூன்று கதைகள்

முதலில் மூன்று கதைகளைக் கேளுங்கள்.

ஹென்றி போட் தம்முடைய புகழ்பெற்ற மொடல்-ரி காரைக் கறுப்பு நிறத்தில் மட்டுமே செய்தார் என்பது முதலாவது கதை. உலகெங்கும் சொல்லப்படுவது இது.

அமெரிக்காவின் ஷெவ்றலே கம்பனி ‘நோவா’ என்ற பெயரில் ஒரு காரை விற்றது. ஸ்பானிய மொழியில் ‘நோ வா’ என்றால் ‘போகாது’ என்று பொருள். அதனால் ஸ்பானிய மொழி பேசும் நாடுகளில் அக்காரை எவரும் வாங்கவில்லை என்பது இரண்டாவது கதை.

மூன்றாவது கதை எங்கள் மொறிஸ் மைனரைப் பற்றியது. காரின் வடிவம் முடிவாகி, அதற்கான பம்பர்களும் செய்யப்பட்டபின், அதை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ் என்பவருக்கு அது ஒடுக்கமாய் இருப்பதாகத் தோன்றியதாம். உடனே மாதிரிக் காரை நெடுக்காக இரண்டாய் வெட்டுவித்து, இரு பாதிகளையும் விலக்கி விலக்கிப் பார்த்து, நாலு அங்குலம் அகலமாக்கினாராம்.

இம்மூன்றில் எதை நம்புவீர்கள்? பெரும்பாலோர் முதல் இரண்டையும் நம்பி, மூன்றாவதைக் கட்டுக்கதை என்று தள்ளுவர். ஆனால் மூன்றாவதே உண்மை. 1948 ஒக்டோபரில் லண்டன் மோட்டார் கண்காட்சியில் வெளிவந்த அக்காரின் தொடக்க கால வண்டிகளைப் பார்த்தால், பம்பரை நடுவில் வெட்டி, நாலு அங்குலத் துண்டொன்றை வைத்துப் பொருத்தியிருப்பது தெரியும். செய்து முடித்த பம்பர்களை வீசிவிட மனமில்லாமல் செய்த வேலை அது. பொனற்றின் நடுவே ஓடும் தட்டையான பட்டியும் அதே அகலப்படுத்தலின் அடையாளமே.

முதலாவது கதையோ பாதி உண்மை. மொடல்-ரி 1908இல் வெளிவந்தது. முதல் ஆண்டுகளில் அது சிவப்பு, பச்சை, சாம்பல், நீலம் ஆகிய நிறங்களில் விற்கப்பட்டது. 1914 தொடக்கம் 1925 வரையிலேயே கறுப்பு மட்டும் என்ற நிலை இருந்தது. பின்னர் மீண்டும் பல நிறங்கள் வந்தன. இரண்டாவது கதை முழுவதும் தவறு. நோவா கார் மெக்சிக்கோவிலும் வெனிசுவேலாவிலும் நன்றாகவே விற்பனையாயிற்று. மெக்சிக்கோவின் அரசாங்க எண்ணெய்க் கம்பனியே ‘நோவா’ என்ற பெயரில் பெற்றோல் விற்றது. ஸ்பானிய மொழிக்காரர் அவ்விரண்டையும் வேறு வேறாகவே உச்சரிப்பர். ‘நோவா’ என்ற பெயரைக் கேட்டு அவர்கள் மிரண்டு ஓடவில்லை.

நாம் ஏன் தவறானதை நம்பி, சரியானதைத் தள்ளினோம்? போட்டைப் பற்றிய கதை, பெரிய மனிதனின் பிடிவாதத்தைச் சுருக்கமாய்ச் சொல்வதால் இனிக்கிறது. நோவா கதை, ‘அவ்வளவு பெரிய கம்பனிக்கும் தெரியாதது எமக்குத் தெரிந்திருக்கிறது’ என்ற பெருமையைத் தருவதால் இனிக்கிறது. இனிமையை உண்மையின் அடையாளமாக எடுத்துக்கொண்டோம். மூன்றாவது கதைக்கான சான்று காரிலேயே இருந்தது. கண்ணால் பார்த்து, கையால் தடவிப் பார்த்து அறியக்கூடியதாய் இருந்தும், எங்களுள் எத்தனை பேர் குனிந்து பார்த்தோம்?

உதிர்ந்துபோகும் ஓர் ‘ஆம்’

எமது மொழியில் ஓர் அருமையான உறுப்பு உண்டு. ‘வந்தான்’ என்றால் சொல்பவன் தானே அறிந்து சொல்கிறான். ‘வந்தானாம்’ என்றால் பிறர் சொல்லக் கேட்டுச் சொல்கிறான். இவ்வளவு பெரிய வேறுபாட்டை ‘ஆம்’ என்ற ஒரு சிறு சொல் தாங்கி நிற்கிறது. ‘இதற்கு நான் சாட்சி அல்லேன், கேட்டதைக் கொண்டுவந்து தருகிறேன், இதன் பாரத்தை என்மேல் ஏற்றாதீர்கள்’ என்பது அதன் பொருள். எங்கள் பாட்டிமார் ஊர்ச் செய்தி சொல்லும்போது அதைத் தவறவிட்டதில்லை.

ஒரு கதை வாயிலிருந்து வாய்க்குப் போகையில் நடப்பதைக் கவனியுங்கள். முதலாமவர், ‘கறுப்பில் மட்டும்தான் செய்தார்களாம்’ என்கிறார். இரண்டாமவர், ‘கறுப்பில் மட்டும்தான் செய்தார்கள்’ என்கிறார். மூன்றாமவர், ‘வேறு நிறத்தில் செய்யவே இல்லை, எனக்கு வடிவாய்த் தெரியும்’ என்கிறார். இம்மூவருள் எவரும் திட்டமிட்டுப் பொய் சொல்லவில்லை. வழியிலே ஓர் ‘ஆம்’ உதிர்ந்துவிட்டது, அவ்வளவுதான். ஆனால் அது உதிர்ந்த கணத்திலே, கேள்விப்பட்டவன் சாட்சியாக மாறிவிட்டான். காணாததற்குச் சாட்சி சொல்லும் குற்றம் இவ்வளவு சத்தமில்லாமல் எங்களிடம் வந்து சேருகிறது.

நான்காம் நூற்றாண்டின் இறுதியில் புனித அகுஸ்தினார் பொய்யைப் பற்றித் தனியாக ஒரு நூல் எழுதினார். அதில் அவர் நிதானமாக ஒரு வேறுபாட்டைக் காட்டுகிறார். தவறானதை உண்மையென்று நம்பிச் சொல்பவன் பொய்யன் அல்லன். மனத்தில் ஒன்றிருக்க, ஏமாற்றும் எண்ணத்தோடு வாயில் வேறொன்றைச் சொல்பவனே பொய்யன். எல்லோருக்கும் விளையாட்டென்று தெரிந்த பகிடியையும் அவர் பொய்க் கணக்கில் சேர்க்கவில்லை. இவற்றைக் கேட்டதும் எங்களுக்கு நிம்மதி பிறக்கிறது. ஆனால் அவர் அங்கே நிறுத்தவில்லை. நம்பத் தகாததை நம்பியவனும், அறியாததை அறிந்ததாக எண்ணிக்கொண்டவனும் பொய்யனாகாவிட்டாலும், குறையற்றவன் ஆகான் என்கிறார். அவனுடைய குறை அவசரத்தில் இருக்கிறது. தெரியாது என்று சொல்லக் கூசும் மனத்தில் இருக்கிறது.

இவ்வேறுபாட்டை மறந்தால் இரு பக்கமும் தவறு நேரும். கேட்டதைச் சொன்ன அப்பாவியைப் பொய்யன் என்று பட்டம் கட்டிவிடுவோம். அல்லது ‘நான் கேட்டதைத்தானே சொன்னேன்’ என்று எங்கள் அசட்டையை மன்னித்துக்கொள்வோம்.

அறிந்தே மறைத்தவர்

அறிந்தே ஏமாற்றுவது எப்படியிருக்கும் என்பதற்கும் கார்களின் வரலாற்றிலேயே ஓர் உதாரணம் உண்டு. 1921 டிசம்பரில், அமெரிக்காவின் ஜெனரல் மோட்டர்ஸ் கம்பனியின் ஆய்வுகூடத்தில் தோமஸ் மிட்ஜ்லி என்பவர், ஈயச் சேர்வை ஒன்றைப் பெற்றோலில் கலந்தால் இயந்திரம் தட்டுவது நிற்கும் என்று கண்டார். 1923இல் அது விற்பனைக்கு வந்தது. வைத்த பெயர் ‘எத்தில்’. ஈயம் என்ற சொல் பெயரில் இடம்பெறவில்லை. 1924 ஒக்டோபரில் நியூ ஜேர்சி மாநிலத்தில் இச்சேர்வையைத் தயாரித்த தொழிற்சாலையில் ஐந்து தொழிலாளர் நஞ்சேறி மாண்டனர். பலர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டனர். அம்மாத இறுதியில் மிட்ஜ்லி பத்திரிகை நிருபர்கள் முன்னிலையில் அத்திரவத்தில் கைகளைக் கழுவினார். ஒரு நிமிட நேரம் அதன் ஆவியை முகர்ந்து, நாள்தோறும் இப்படிச் செய்தாலும் தமக்கு ஒன்றும் ஆகாது என்றார். ஆனால் அதற்கு முந்திய ஆண்டிலேயே அவர் ஈய நஞ்சினால் பாதிக்கப்பட்டு, வேலையிலிருந்து ஓய்வு பெற்றுச் சென்று தேறி வந்தவர்.

அவர் அறிந்திருந்தார், அறிந்தும் மறைத்தார். கராஜ் வாசலில் நின்று கேட்டதைச் சொல்லும் எங்கள் அயலவரை அவரோடு ஒரே வரிசையில் வைக்கலாமா? கூடாது. ஆயினும் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஈயம் கலந்த பெற்றோல் உலகத்தை விட்டு முற்றாக நீங்க 2021ஆம் ஆண்டு வரை சென்றது. அல்ஜீரியாவே அதைக் கடைசியாகக் கைவிட்ட நாடு. ஒருவர் மறைத்த உண்மைக்கு இவ்வளவு நீண்ட ஆயுள் கிடைத்ததற்கு, விசாரியாமல் அதையே திருப்பிச் சொன்ன ஏராளமான நல்ல மனிதர்களும் காரணமல்லவா? ஏமாற்றுபவன் ஒருவனாயிருந்தாலும், அவனுடைய சொல்லைச் சுமந்து செல்லக் கூலி வாங்காத ஆயிரம் பேர் கிடைத்துவிடுகின்றனர்.

பாதி உண்மையின் ஆபத்து

ஈயம் நீங்கியபோது வேறொரு பேச்சு எழுந்தது. இங்கிலாந்தில் 1999 இறுதியோடும், இலங்கையில் 2002இலும் ஈயம் கலந்த பெற்றோல் விற்பனை நின்றது. ‘இனிப் பழைய கார்கள் எல்லாம் அழிந்தன, இந்தப் பெற்றோலை ஊற்றினால் இயந்திரம் உடனே போய்விடும்’ என்றனர் ஒரு சாரார். ‘ஒன்றும் ஆகாது, எல்லாம் வியாபாரிகள் கட்டிவிட்ட கதை’ என்றனர் மறு சாரார்.

உண்மை இரண்டுக்கும் நடுவில் இருந்தது. பழைய இயந்திரங்களின் சிலிண்டர் ஹெட் சாதாரண வார்ப்பிரும்பினால் ஆனது. எரிந்த ஈயம் வால்வு வந்து அமரும் இடத்தில் மெல்லிய படலமாகப் படிந்து, அதைத் தேயாமல் காத்தது. ஈயம் இல்லாதபோது, நீண்ட தூரம் மிகுந்த வேகத்திலும் பாரத்திலும் ஓடும் காரில் அவ்விடம் தேய்ந்து வால்வு உள்ளே இறங்கும். ஊருக்குள் மெதுவாக ஓடும் காரில் அத்தேய்வு நேர நெடுங்காலம் செல்லும். ஹெட்டைக் கழற்றி, கடினமான உலோகத்தில் வால்வு சீற் போட்டுவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடும். ஆகவே, ‘எந்தக் கார், எவ்வளவு வேகம், எவ்வளவு தூரம்’ என்று கேட்காமல் சொல்லப்பட்ட இரு விடைகளும் தவறாயின. ஒன்றை நம்பியவர் தேவையற்ற பயத்தில் காரை விற்றிருக்கலாம். மற்றதை நம்பியவர் இயந்திரத்தைப் பழுதாக்கியிருக்கலாம்.

இதைவிட எமது நெஞ்சுக்கு நெருக்கமான உதாரணம் ஒன்றுண்டு. 1990இல் போர் மீண்டும் மூண்டபின், குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது தடைசெய்யப்பட்ட ஆண்டுகளில், எங்கள் பழைய கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலைக் கார்புரேற்றருக்குள் விட்டு இயந்திரத்தை எழுப்பி, சூடேறியபின் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். புகை கக்கிக்கொண்டு போன அக்கார்களில் நோயாளிகள் சென்றார்கள், பிரசவத்துக்குத் தாய்மார் சென்றார்கள். இது எங்களுள் ஆயிரக்கணக்கானோர் கண்ணால் கண்டது. இதற்கு ‘ஆம்’ தேவையில்லை.

ஆனால் தூர தேசத்தில் இருக்கும் ஒரு கார்ப் பிரியர் இதைக் கேட்டு, ‘பெற்றோல் இயந்திரம் மண்ணெண்ணெயில் ஓடவே ஓடாது, இது கட்டுக்கதை’ என்று சொன்னால் எப்படியிருக்கும்? தீர விசாரியாமல் நம்புவது குற்றமென்றால், தீர விசாரியாமல் மறுப்பதும் குற்றமே. அவர் எங்களைக் காயப்படுத்துகிறார், எங்கள் துன்பத்தையே பொய்யாக்குகிறார். அக்காலத்து இயந்திரங்கள் எரிவாயுக் கலவையை ஏறக்குறைய ஏழு மடங்குக்கே அழுத்தின. இக்காலத்துக் கார்கள் பலவற்றில் அது பத்து மடங்கும் அதற்கு மேலும். அழுத்தம் குறைவாயிருந்ததாலேயே தரங்குறைந்த எரிபொருளையும் அவை பொறுத்துக்கொண்டன. பேர்கசன் உழவு இயந்திரங்களிலும் ஒரு வகை, பெற்றோலில் எழுப்பிச் சூடேறியபின் மண்ணெண்ணெயை ஒத்த எண்ணெயில் ஓடும்படி கம்பனியாலேயே செய்யப்பட்டது. இவ்வளவையும் விசாரித்திருந்தால் அவர் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்.

நாமும் எங்கள் பக்கத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ‘மண்ணெண்ணெயில் ஓடியது’ என்பது உண்மை. அதிலிருந்து ‘மண்ணெண்ணெயால் ஒரு கெடுதியும் இல்லை’ என்று முடிவு கட்டுவது தவறு. எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவர் வழியே இறங்கி இயந்திர எண்ணெயை நீர்க்கச் செய்யும். அதனால் தேய்வு கூடும், கரியும் படியும். வேறு வழியில்லாத காலத்தில் செய்தது புத்திசாலித்தனம். வழியிருக்கும் காலத்தில் அதையே இளைஞனுக்குச் சிபாரிசு செய்வது, பட்டறிவைத் தவறாகப் பயன்படுத்துவதாகும். அனுபவம் தான் கண்டதற்கு மட்டுமே சாட்சி. காணாத இடத்துக்கும் அதை நீட்டினால், அங்கேயும் ஓர் ‘ஆம்’ உதிர்ந்துவிடுகிறது.

பணமும் உயிரும்

இதுவரை சொன்னவற்றைக் கேட்டு, ‘சந்தோஷத்துக்குப் பேசும் பேச்சுக்கு இவ்வளவு கணக்கா?’ என்று நீங்கள் சலித்துக்கொள்ளலாம். எல்லாத் தவறும் ஒரே அளவானதல்ல என்பதை ஒப்புக்கொள்கிறோம். மொடல்-ரியின் நிறம் பற்றிய தவறு எவர் தலையிலும் இடியை இறக்காது. எவ்வளவு பெரிய தீங்கு வரக்கூடுமோ, அவ்வளவு ஆழமாய் விசாரிக்கும் கடமை உண்டு என்பதே அளவுகோல்.

பிரேக்கை எடுத்துக்கொள்ளுங்கள். மொறிஸ் மைனரின் பிரேக், திரவத்தின் அழுத்தத்தால் வேலை செய்வது. அதனுள்ளே இருக்கும் அடைப்புகள் இயற்கை றப்பரினால் ஆனவை. அதற்கென்று உள்ள பிரேக் ஒயிலுக்குப் பதிலாக இயந்திர எண்ணெய் போன்ற கனிய எண்ணெயை விட்டால், றப்பர் ஊதிப் பெருத்துக் கெட்டுப்போகும். முதல் நாளிலேயே ஒன்றும் நடவாதிருக்கலாம். ‘நானும் ஊற்றினேன், ஒன்றும் ஆகவில்லை’ என்று ஒருவர் சொல்லவும் கூடும். சில நாட்களின் பின், பிள்ளைகளோடு செல்லும் வேறொருவர் காலை ஊன்றி அழுத்தும்போது பிரேக் பிடிக்காது. ‘எந்த எண்ணெயும் சரி’ என்று சொன்னவர் அப்போது அந்த இடத்தில் இருக்க மாட்டார். தம்முடைய சொல் அங்கே போய்ச் சேர்ந்தது என்பதுகூட அவருக்குத் தெரியாது.

விற்பனையும் அப்படியே. 2020 மார்ச்சில் எமது நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின், ஓடிய வாகனங்களின் விலை எப்படி ஏறியது என்பது நீங்கள் அறிந்ததே. அப்படிப்பட்ட காலங்களில் ‘ஒறிஜினல்’ என்ற சொல்லுக்கு இலட்சக்கணக்கில் விலை உண்டு. ஆனால் எழுபது வயதுக் காரில் எது ஒறிஜினல்? இயந்திரம் மாறியிருக்கும், தகடு மாறியிருக்கும், ஆசனம் இரண்டு தடவை தைக்கப்பட்டிருக்கும்.

இக்கேள்வி 1990இல் இங்கிலாந்தின் உயர் நீதிமன்றத்துக்கே வந்தது. 1929இலும் 1930இலும் பிரான்சின் லு மான் ஓட்டப்போட்டியில் வெற்றிபெற்ற பென்ற்லி கார் ஒன்று, ஒரு கோடி பவுண் விலைபேசி விற்கப்பட்டது. வாங்கியவர்கள், இது அந்தக் கார் அல்ல என்று வாதிட்டனர். வெற்றிபெற்ற நாளில் இருந்த பாகங்களுள் மிகச் சொற்பமே எஞ்சியிருந்தன என்பதை நீதிபதி மறைக்கவில்லை. ஆயினும் அக்காரின் வரலாறு எங்கும் அறுபடாமல் தொடர்ந்து வந்திருந்ததால், அப்பெயரால் அழைக்கப்படும் உரிமை அதற்கு உண்டு என்று தீர்ப்பளித்தார். மாறியது எது, மாறாதது எது என்று பிரித்துச் சொல்லிய பின்னரே அவர் பெயரைச் சூட்டினார் என்பதைக் கவனியுங்கள். நேர்மையான விற்பனையாளனிடம் நாம் எதிர்பார்ப்பதும் இதுவே. ‘ஒறிஜினல்’ என்று ஒரே சொல்லில் முடிக்காமல், ‘உடல் பழையது, இயந்திரம் பின்னர் போட்டது, எனக்கு முந்திய வரலாறு கேள்விப்பட்டதுதான்’ என்று சொல்வதால் என்ன குறைந்துவிடும்? சரிபார்க்க விரும்புபவருக்கு வழியும் உண்டு. இங்கிலாந்தில் கெய்டன் என்ற ஊரிலுள்ள பிரிட்டிஷ் மோட்டார் நூதனசாலை, அக்காலத் தொழிற்சாலைப் பதிவேடுகளைப் பேணி வைத்திருக்கிறது. காரின் இலக்கத்தைக் கொடுத்தால், பதிவேட்டில் உள்ளபடி அதன் பிறப்பு விபரத்தை அத்தாட்சிப்படுத்தித் தருகிறது.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் புனித தோமஸ் அக்குவினாஸ் இதே நீதியைக் குதிரையை வைத்து விளக்கினார். நொண்டிக் குதிரையை வேகமான குதிரையென்றும், இடியும் வீட்டை உறுதியான வீடென்றும் விற்பவன் அநீதி செய்கிறான். வாங்குபவனுக்கு ஆபத்தோ நட்டமோ தரக்கூடிய, வெளியே தெரியாத குறையைச் சொல்லிவிட வேண்டியது விற்பவனின் கடமை என்றார். குதிரைக்குப் பதிலாகக் கார் வந்ததால் கடமை மாறிவிடவில்லை.

திருத்தும் முறை

இனி, தவறான பேச்சைக் கேட்பவன் என்ன செய்ய வேண்டும்? மௌனமாயிருப்பது சமாதானம் போலத் தோன்றும். ஆனால் அடுத்தவன் அத்தவறை நம்பி நட்டப்படும்போது எங்கள் மௌனத்துக்கும் அதில் பங்குண்டு. மறுபுறம், பலர் நடுவே ஒருவரை மடக்கி, ‘உங்களுக்கு ஒன்றும் தெரியாது’ என்று சொல்வதில் ஓர் இன்பம் இருக்கிறது. அது உண்மைமேல் உள்ள அன்பல்ல, எங்கள் அறிவைக் காட்டும் ஆசை. அவ்வாறு அவமானப்பட்டவர் தம் கருத்தை மாற்றமாட்டார், இன்னும் இறுகப் பற்றிக்கொள்வார்.

உன் சகோதரனைத் திருத்துவதானால், முதலில் அவனும் நீயும் தனித்திருக்கையில் பேசு என்பது நற்செய்தி காட்டும் ஒழுங்கு. கேள்வியாய்க் கேட்பது இன்னும் நன்று. ‘அண்ணை, நீங்கள் சொன்னது எந்த வருஷ மொடலுக்கு? ஆர் செய்து பார்த்தவை?’ என்று இளையவன் பணிவோடு கேட்டால், மூத்தவரின் மரியாதையும் போகாது, உண்மையும் வெளிவரும். சிலவேளை அவர் சொன்னதே சரியென்று தெரிய, கேட்டவன் கற்றுக்கொள்வான். ஆனால் பிரேக்கைப் போல உயிருக்கு ஆபத்தான விடயத்தில் காத்திருக்க முடியாது. பலர் முன்னிலையில் சொல்லப்பட்டதை அங்கேயே மறுக்கத்தான் வேண்டும். அப்போதும் சொல்லை மறுப்போம், சொன்னவரை இழிவுபடுத்தோம்.

திருத்தப்படுபவருக்கும் ஒரு கடமை உண்டு. தாம் சொன்னது தவறென்று கண்டால், அதை எத்தனை பேருக்குச் சொன்னாரோ அத்தனை பேருக்கும் திரும்பச் சொல்வது நீதி. ஒருவன் பிறருடைய பொருளைத் தவறுதலாக எடுத்துவிட்டால், தெரிந்தவுடன் திருப்பிக் கொடுக்கிறான் அல்லவா? பிறருடைய மனத்தில் நாம் வைத்துவிட்ட தவறான செய்தியும் அப்படித் தீர்க்க வேண்டிய கடனே.

வாசகர்களே, எல்லாவற்றையும் நாமே சோதித்தறிந்த பின்னர்தான் வாய் திறப்பது என்றால் உலகில் பேச்சே இராது. அதை எவரும் உங்களிடம் கேட்கவில்லை. கேட்டதைக் கேட்டது என்று சொல்லுங்கள், கண்டதைக் கண்டது என்று சொல்லுங்கள், ஊகித்ததை ஊகம் என்று சொல்லுங்கள். இன்று மாலை உங்கள் பிள்ளை ஏதாவதொரு புதினத்தோடு வீட்டுக்குள் வந்தால், அது காரைப் பற்றியதாயினும், அயல்வீட்டாரைப் பற்றியதாயினும், ‘நீ கண்டனியோ, கேட்டனியோ?’ என்று அன்போடு கேட்டுப் பாருங்கள். அதே கேள்வியைப் பிள்ளை திருப்பி எங்களிடம் கேட்கவும் இடங்கொடுப்போம். எங்கள் முன்னோர் மொழியிலேயே வைத்துத் தந்த அந்தச் சிறிய ‘ஆம்’ எங்கள் வாயிலிருந்து உதிர்ந்துவிடாமல் பார்த்துக்கொள்வோமாக.